எந்த டிரைவர் எந்தக் கருவிக்கு? கேள்வி பதில்

கேள்வி: சார், புது நெட்வொர்க் கார்டைச் செருகியதும் அதற்கு எந்த டிரைவர் என்று லினக்ஸுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: கார்டே சொல்லிவிடும். பிசிஐ (மதர்போர்டில் கார்டுகளை இணைக்கும் முறை) கருவி ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் எண், கருவி எண் என 16 பிட்டில் இரண்டு எண்கள் உண்டு (இன்டெலின் எண் 8086, அவர்களுடைய பழைய பிராசஸரின் பெயரே அதுதான், யாரோ ரசித்துச் செய்த வேலை). ஒவ்வொரு மாட்யூலும் (தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் கோப்பு) தனக்குப் பொருந்தும் எண்களைப் பட்டியலாக வைத்திருக்கும், டெப்மாட் என்ற கட்டளை அவற்றைத் திரட்டி மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பில் எழுதும், லினக்ஸின் மையமான கெர்னல் புதுக் கருவியை அறிவித்ததும் யுடெவ் என்ற பின்னணி நிரல் அந்தக் கோப்பில் தேடி மாட்யூலை ஏற்றும். ஆனால் ஏறினால் மட்டும் போதாது. கருவியைச் சோதித்துத் தயார்செய்யும் டிரைவரின் புரோப் ஃபங்ஷன் ஓடி வெற்றி பெற வேண்டும், கருவிக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்றால்கூட அது கையை விரித்துவிடலாம். அப்போது, ஏறிய மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் மாட்யூல் தெரியும், கார்டு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். அதனால் எல்எஸ்மாடை நம்பாதீர்கள், பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -கே போட்டு (lspci -k) ஓட்டி, கருவியை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: பெயரே கேள்விப்படாத பென்டிரைவ்கூட உடனே வேலை செய்கிறதே?

பதில்: அங்கே வகை எண் போதும். யுஎஸ்பியில் சேமிப்புக் கருவி என்றால் 08, கீபோர்டு மவுஸ் என்றால் 03. யார் தயாரித்தது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கேள்வி: விண்டோஸில் இரண்டு டிரைவர் பொருந்தினால் புதியதுதானே ஜெயிக்கும்?

பதில்: இல்லை. டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பிலுள்ள கருவி ஐடி எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது, டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் எப்படி என்பதை வைத்து ரேங்க் போடும், சிறிய எண்ணே மேல். ரேங்க் சமமானால்தான் தேதியைப் பார்க்கும். பழைய டிரைவர் பிடிவாதமாகத் திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப் டச்பேட் எல்எஸ்பிசிஐயிலும் இல்லை, எல்எஸ்யுஎஸ்பியிலும் இல்லை.

பதில்: பெரும்பாலும் ஐ2சியில் (சிப்களை இணைக்கும் எளிய பஸ்) இருக்கும். அந்த பஸ்ஸில் "நான் இன்னார்" என்று சொல்லும் வழக்கமே கிடையாது. லேப்டாப்பில் பயாஸ் தரும் ஏசிபிஐ அட்டவணைதான் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும், ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பு. அட்டவணை தப்பாக இருந்தால் டிரைவரை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை, பயாஸ் அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஏற்றக் கூடாது என்று பிளாக்லிஸ்ட் செய்தும் மாட்யூல் ஏறுகிறதே?

பதில்: பிளாக்லிஸ்ட், முதலில் சொன்ன அந்த அலியாஸ் தேடலை மட்டும்தான் தடுக்கும். வேறொரு மாட்யூல் இதைச் சார்ந்திருந்தால் கூடவே இழுத்துக்கொண்டு வரும். பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பழைய அமைப்பு தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு, முதலில் அதைத் திரும்ப உருவாக்கிவிட்டு ரீபூட் செய்து பாருங்கள்.