குங்குமப்பூ விதை என்று ஒன்று உண்டா?

"ஆன்லைனில் குங்குமப்பூ விதை வாங்கினேன். பாக்கெட்டில் 'குரோக்கஸ் சதீவுஸ்' என்று போட்டிருக்கிறது. சதீவுஸ் என்றால் லத்தீனில் 'விதைக்கப்படுவது' என்று அகராதியும் சொல்கிறது. ஆறு வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. நான் என்ன தவறு செய்தேன்?" — ஒரு வாசகி

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அகராதிதான் பாதியோடு நிறுத்திக்கொண்டது. 'செரேரெ' என்ற லத்தீன் வினைக்கு விதைப்பது, நடுவது இரண்டுமே பொருள். அதன் 'சதுஸ்' என்ற வடிவத்திலிருந்து பிறந்த பெயரடை சதீவுஸ். மனிதர் வைத்து வளர்ப்பது, அவ்வளவுதான். தானாகக் காட்டில் வளர்வதை ரோமானியர்கள் 'சில்வெஸ்த்ரிஸ்' என்றார்கள். நெல் ஒரைசா சதீவா, பூண்டு அல்லியம் சதீவும். முன்னால் வரும் பெயரின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும். கஞ்சாவின் பெயரிலும் சதீவா உண்டு. அதற்காக மிரள வேண்டாம்.

பூண்டை விதை தூவியா வளர்க்கிறோம்? பல்லைப் பிரித்து ஊன்றுகிறோம். பெயர் என்னவோ சதீவும்தான்.

குங்குமப்பூ இன்னும் ஒரு படி மேல். பெரும்பாலான செடிகளில் குரோமோசோம் (உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழை) இரண்டிரண்டாக இருக்கும். இதில் மும்மூன்றாக இருக்கிறது. விதைக்காகச் சரிபாதியாகப் பிரியும் நேரத்தில் மூன்றை எப்படிப் பிரிப்பது? அதனால் பூக்கும், விதை பிடிக்காது. மலட்டுச் செடி. காஷ்மீரத்துப் பாம்பூரிலும் கிழங்கைத்தான் ஊன்றுகிறார்கள். 1753இல், செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பெயரை எழுதியபோது குரோமோசோம் என்ற பேச்சே கிடையாது.

ஆக, குங்குமப்பூ விதை என்று யார் விற்றாலும் அது மோசடி. பாக்கெட்டில் மிச்சமிருந்தால் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். சூரியகாந்தி விதையைச் சின்னதாக்கி வெள்ளையடித்த மாதிரி இருந்தால் அது குசும்பா, எண்ணெய் வித்து. லத்தீன் பெயரை அச்சடித்துவிட்டால் ஏதோ அரசாங்க முத்திரை மாதிரி நாம் நம்பிவிடுகிறோம்; அதை யாரும் சரிபார்ப்பதில்லை. நானே ஒரு தளத்துக்குப் புகார் அனுப்பிப் பார்த்தேன். 'விற்பவரைத் தொடர்புகொள்ளவும்' என்று பதில் வந்தது. திருடனிடமே போய்க் கேட்கச் சொல்கிறார்கள்!

பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அப்புறம் கிழங்கு வாங்குவதானால் எண்ணிக்கை பார்த்து வாங்காதீர்கள், எடை பாருங்கள். எட்டு கிராமுக்குக் கீழே இருந்தால் அந்த வருடம் பூப்பது அரிது. 'பெரிய சைஸ் மேடம்' என்பார்கள். எத்தனை கிராம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.