பிரெக்சிட்டின், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதன், பொருளாதார விளைவு பற்றி பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசிடம் எழுப்பிய கேள்விகளால் ஏதாவது பயன் இருந்ததா?

இருந்தது, ஆனால் அந்தப் பயன் உறுப்பினர்களின் சாமர்த்தியத்தை மட்டும் பொறுத்ததாக இல்லை. அரசுக்கு அவையில் பெரும்பான்மை இல்லாத இரண்டரை ஆண்டுகளில்தான் கேள்விகளுக்கு வலு இருந்தது. அதற்குப் பின்னும் அதே கேள்விகள் கேட்கப்பட்டன, பதில்தான் வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவையே கேள்விகளால் மாற்றியிருக்க முடியாது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்துவிட்ட பிறகு, அதை மீற இரு பெரிய கட்சிகளிலும் பெரும்பாலோர் துணியவில்லை. ஆனால் எவ்வாறு விலகுவது என்பது வாக்குச்சீட்டில் இல்லை. நார்வேயைப் போல, பொருளும் சேவையும் மூலதனமும் மக்களும் தடையின்றி நகரும் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். தங்களுக்குள் சுங்கவரி இன்றி, வெளியாருக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் நீடிக்கலாம். இரண்டையும் விட்டு வெளியேறலாம். 2017 ஜனவரியில் லங்காஸ்டர் மாளிகையில் ஆற்றிய உரையில் பிரதமர் தெரேசா மே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். அந்தத் தேர்வுக்கு முன் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் உறுப்பினர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கேள்வி.

கணக்கு இருப்பதாகத்தான் அரசு முதலில் காட்டிக்கொண்டது. விலகலுக்கான அமைச்சர் டேவிட் டேவிஸ், 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பிரெக்சிட் குழுவின் முன் ஏறத்தாழ 57 துறைகளுக்கான ஆய்வுகள் நடந்துவருவதாகச் சொன்னார். 2017 ஜூனில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஐம்பது, அறுபது ஆய்வுகள் முடிந்துவிட்டன என்றார். அந்த அக்டோபரில், ஆய்வுகள் மிக மிக நுணுக்கமானவை என்பதால் பிரதமர் ஒவ்வொன்றையும் முழுமையாகப் படித்திருக்க வேண்டியதில்லை என்று குழுவிடம் விளக்கினார். இவ்வளவு சொல்லிவிட்டு, ஆய்வுகளை வெளியிட்டால் பேச்சுவார்த்தையில் நம் நிலை பலவீனப்படும் என்று மறுக்கவும் செய்தார். அமைச்சர்களுக்கு வசதியான இடம் இது: ஆவணம் இருப்பதன் பெருமையும் கிடைக்கிறது, அதைக் காட்ட வேண்டிய தொல்லையும் இல்லை.

அந்த வசதியைக் குலைத்தது அனல் பறக்கும் உரை எதுவும் அன்று. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் உறுப்பினர் சீமா மல்ஹோத்ரா எழுத்துப்பூர்வக் கேள்விகளைத் தொடர்ந்து கொடுத்தார். ஆய்வுகளை வெளியிடக் கோரி நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் அமைச்சருக்குப் போனது. பிறகு 2017 நவம்பர் 1 அன்று, அப்போது எதிர்க்கட்சியின் பிரெக்சிட் பொறுப்பாளராக இருந்த கியர் ஸ்டார்மர், அரசியாருக்குப் பணிவான விண்ணப்பம் செய்யும் வடிவத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அமைச்சரிடமுள்ள ஆவணங்களை அவைக்கு வரவழைக்கும் இந்தப் பழைய முறை, நெடுங்காலமாகப் பெரிதாகப் புழங்காமல் கிடந்தது. சாதாரண எதிர்க்கட்சித் தீர்மானத்தை அரசு அலட்சியம் செய்துவிடலாம். இவ்வகைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தும் என்பதே மரபு. சபாநாயகர் ஜான் பெர்கோவும் அதை உறுதிசெய்தார். ஐந்து மாதங்களுக்கு முன்பு நடந்த தேர்தலில் பெரும்பான்மையை இழந்து, வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் பத்து உறுப்பினர்களை நம்பி ஓடிக்கொண்டிருந்த அரசு, எதிர்த்துத் தோற்பதற்குப் பதிலாக வாக்கெடுப்பின்றியே தீர்மானத்தை நிறைவேற விட்டது.

நவம்பர் இறுதியில் சுமார் 850 பக்கங்கள் குழுவின் கைக்கு வந்தன. 39 அறிக்கைகள். ஒவ்வொன்றிலும் அந்தத் துறை எத்தகையது, எத்தனை பேருக்கு வேலை தருகிறது, எந்த விதிகள் அதற்குப் பொருந்துகின்றன என்பன போன்ற, நூலகத்திலேயே கிடைக்கக்கூடிய விவரங்கள்தாம் பெரும்பாலும் இருந்தன. விலகினால் என்ன நேரும் என்ற எண்ணைக் காணோம்.

அதனால்தான் 2017 டிசம்பர் 6 அமர்வு முக்கியமானது. லண்டனில் வசிப்பவன் என்பதால் அந்நாள்களில் இத்தகைய அமர்வுகளை இணையத்தில் தொடர்ந்து பார்த்துவந்தேன். கேள்வி கேட்கும் கலைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை அங்கே நான் கண்டதில்லை. குழுத் தலைவர் ஹிலரி பென், பின்வாங்க இடம் தராத சிறு சிறு கேள்விகளாகக் கேட்டார். பல்வேறு துறைகளுக்கு விலகலின் தாக்க மதிப்பீடு எதையேனும் அரசு செய்திருக்கிறதா? இல்லை என்றார் டேவிஸ். வாகனத் தொழிலுக்கு? விமான, விண்வெளித் தொழிலுக்கு? நிதிச் சேவைகளுக்கு? எல்லாவற்றுக்குமே இல்லை என்பதுதான் பதில் என்று அமைச்சரே முடித்துவைத்தார். சுங்க ஒன்றியத்திலிருந்து வெளியேறும் முடிவுக்கு முன் எண் அடிப்படையிலான முறையான மதிப்பீடு அமைச்சரவையிடம் இருந்ததா என்ற கேள்விக்கும் இல்லை என்றே பதில் வந்தது. துறை ஆய்வு வேறு, தாக்க மதிப்பீடு வேறு என்பதும், இத்தகைய பெரிய மாற்றங்களில் பொருளாதார மாதிரிகள் பொய்த்துப்போகும் என்பதும் அவருடைய வாதங்கள். இரண்டாவது வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 2008 நெருக்கடியை அந்த மாதிரிகள் முன்கூட்டிச் சொல்லவில்லைதான். ஆனால் மாதிரிகள்மீது நம்பிக்கை இல்லாதவர், அவற்றின் எண்கள் இருந்தால் மட்டுமே பொருளுள்ள பேச்சுவார்த்தை இரகசியத்தை ஓராண்டாக ஏன் காத்துவந்தார் என்பதற்கு விளக்கம் இல்லை. அதே நாளில் வேறொரு குழுவின் முன் அமர்ந்திருந்த நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், ஐரோப்பாவுடனான இறுதி உறவு எப்படி இருக்க வேண்டும் என்று அமைச்சரவை இன்னும் விரிவாக விவாதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2018 ஜனவரி இறுதியில் அரசு அதிகாரிகள் தயாரித்த ஒரு மதிப்பீடு பத்திரிகைக்குக் கசிந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில், ஒன்றியத்திலேயே நீடித்தால் எட்டக்கூடிய அளவோடு ஒப்பிடுகையில், ஒற்றைச் சந்தையில் இருந்தால் பொருளாதாரம் 2 விழுக்காடும், தடையற்ற வணிக ஒப்பந்தம் மட்டும் இருந்தால் 5 விழுக்காடும், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 8 விழுக்காடும் சிறியதாக இருக்கும் என்று அது கணித்தது. இளநிலை அமைச்சர் ஸ்டீவ் பேக்கர் அவையில் எழுந்து, தம் அரசின் அதிகாரிகளே தயாரித்த முன்கணிப்புகளை நம்ப முடியாது என்று வாதாட வேண்டியதாயிற்று. மறுநாளே அதே விண்ணப்பத் தீர்மானம் மீண்டும் நிறைவேறியது. மார்ச் மாதம் குழுவே ஆவணத்தை வெளியிட்டது. வட்டார வாரியான கணக்குதான் அதில் மிகவும் கசப்பானது. விலகலுக்குத் திரளாக வாக்களித்த, சண்டர்லேண்டின் நிசான் கார் ஆலையை உள்ளடக்கிய இங்கிலாந்தின் வடகிழக்கில், ஒப்பந்தமின்றி வெளியேறினால் 16 விழுக்காடு இழப்பு என்றது அது.

இதே ஆயுதம் அதே ஆண்டு டிசம்பரில் இன்னும் ஆழமாகப் பாய்ந்தது. விலகல் ஒப்பந்தம் பற்றிய சட்ட ஆலோசனையை முழுமையாகத் தர மறுத்த அரசு, அவையை அவமதித்ததாக 311க்கு 293 என்ற கணக்கில் டிசம்பர் 4 அன்று தீர்மானம் நிறைவேறியது; மறுநாள் ஆலோசனை வெளியானது. அயர்லாந்து எல்லையில் சோதனைகள் வராமல் தடுக்க ஒப்பந்தத்தில் வைத்த வட அயர்லாந்து ஏற்பாடு காலவரையின்றி நீடிக்கக்கூடும் என்ற செய்தி அதில் இருந்தது. மேயின் ஒப்பந்தத்தை அவருடைய கட்சியினரே தோற்கடித்ததில் இதற்கும் பங்குண்டு என்று கருதுகிறேன். ஆக, கேள்வி கேட்டவர்கள் விரும்பிய திசையில்தான் விளைவு போகும் என்ற உத்தரவாதமும் இல்லை: மென்மையான விலகலை நாடியவர்கள் வரவழைத்த காகிதம், கடுமையான விலகலை நாடியவர்களின் கையில் வாளாயிற்று.

மேவுக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் காலத்தில் காற்று திசைமாறியது. 2019 அக்டோபரில் அவர் கொண்டுவந்த புதிய ஒப்பந்தத்துக்குப் பொருளாதார மதிப்பீடு எங்கே என்று கருவூலக் குழு கேட்டபோது, ஒப்பந்தம் நாட்டின் நலனுக்கு உகந்தது என்பது தானாகவே விளங்கும் என்ற பொருள்படப் பதில் எழுதினார் நிதியமைச்சர் சஜித் ஜாவித். இரண்டு மாதத்தில் வந்த தேர்தலில் ஆளுங்கட்சி 80 இடப் பெரும்பான்மை பெற்றது. 2020 டிசம்பர் 24 அன்று உடன்பாடு கண்ட, ஆயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள் கொண்ட வணிக ஒப்பந்தத்துக்கான சட்ட வரைவு, டிசம்பர் 30 அன்று ஒரே நாளில் 521க்கு 73 என்ற வாக்கில் கீழவையான காமன்ஸ் அவையைக் கடந்தது. தாக்க மதிப்பீடு உடன் வைக்கப்படவில்லை. இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற, நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 விழுக்காடு குறையும் என்ற கணிப்பு, சுதந்திரமாக இயங்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தினுடையது. அதுவும் கசிந்த அறிக்கையின் 5 விழுக்காடும் வெவ்வேறு அளவுகோல்கள், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது. ஹிலரி பென்னின் குழு 2021 ஜனவரியில் காலாவதியானது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து எல்லையில் புதிய சுங்கப் படிவங்கள் குவியத் தொடங்கிய அதே மாதத்தில்.