கோல்டு ஏர் இன்டேக்: வாங்கலாமா, நாமே மாட்டலாமா?

கேள்வி: என் கார் 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லாதது. கோல்டு ஏர் இன்டேக் கிட் (வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொண்டுவரும் குழாயும் ஃபில்டரும்) ஒன்றை வாங்கி நானே மாட்டிக்கொள்ள ஆசை. 15 ஹார்ஸ்பவர் வரை கூடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: 15 கிடைக்காது. உங்கள் கார் மாதிரி வண்டியில் ஒற்றை இலக்கத்தில் ஏதாவது கிடைத்தாலே பெரிது. அதுவும் இன்ஜின் உச்சச் சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும்போது மட்டும்தான்.

இதன் அடிப்படை பொய்யில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளே இழுக்கிறது. உங்கள் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் முழு மூச்சில் ஓடினால், கணக்குப்படி நிமிடத்துக்கு 4500 லிட்டர் காற்று. அந்தக் காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி கூடும், ஆக்சிஜன் கூடும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாக எரியும். 60 டிகிரி செல்சியஸ் காற்றைவிட 30 டிகிரி காற்று ஏறக்குறைய 10 சதவீதம் அடர்த்தியானது.

விளம்பரம் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. காரோடு வந்த ஃபில்டர் பெட்டியும் பெரும்பாலும் வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, அந்தப் பெட்டியிலிருந்து முன்பக்கமாகப் போகும் பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் ஓரத்திலோ அதன் வாய் திறந்திருக்கும். அப்படி இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே ஒரு கோல்டு ஏர் இன்டேக் இருக்கிறது என்று அர்த்தம். புது கிட்டால் குறையக்கூடியது குழாயின் நெருக்கடி மட்டுமே. ஊருக்குள் ஓட்டும்போது த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் தட்டு) பாதி மூடியே இருக்கும். காற்றைத் தடுப்பது அதுதான். அதற்கு முன்னால் எவ்வளவு அகலமான குழாயை வைத்தாலும் இன்ஜினுக்கு ஒன்றும் மாறாது.

விளம்பரத்தில் எண் இருந்தால், இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் எடுத்த வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் கார் மாடலில் எடுத்ததா? எத்தனை ஆர்.பி.எம்.மில் அந்தக் கூடுதல் வந்தது? பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே மின்விசிறி போட்டு எடுத்தார்களா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

மாட்டியவர்கள் எல்லாரும் "வண்டி பறக்கிறது" என்கிறார்களே என்றால், அது சத்தம். பழைய குழாயின் ஓரத்தில் காலி டப்பா மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் ரெசனேட்டர். காற்று உறிஞ்சும் இரைச்சலை அடக்க வைத்தது. அது போனதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஆழமான ஒரு உறுமல் கேட்கும். அந்த உறுமல் எனக்கும் பிடிக்கும். அதற்காகவும், நம் கையால் ஒரு வேலை செய்த திருப்திக்காகவும் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். வேகத்துக்காக என்றால் வேண்டாம். அந்தக் காசை நல்ல டயரில் போடுங்கள். முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இதை மாட்டினால் மைலேஜ் கூடுமாமே?

பதில்: கூடாது. பெட்ரோல் காரில் உள்ளே வரும் காற்றை அளந்து, ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கில்தான் கம்ப்யூட்டர் எரிபொருளைத் தெளிக்கிறது. காற்று தடையில்லாமல் வந்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் குறைவாகத் திறப்பீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் ஏர் ஃபில்டரை அடைத்தே வைத்துச் சோதித்தது. இந்தக் காலத்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, முடுக்கம்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைத் தொடவில்லை என்றால், அகலமான ஃபில்டர் மட்டும் எப்படித் தொடும்?

கேள்வி: கடையில் இரண்டு வகை காட்டுகிறார்கள். ஒன்றில் குழாய் குட்டையாக இருக்கிறது, ஃபில்டர் இன்ஜின் பக்கத்திலேயே உட்காருகிறது. இன்னொன்று நீளமாகக் கீழே இறங்கி பம்பருக்குள் போகிறது. எது நல்லது?

பதில்: குட்டையானதை ஷார்ட் ராம் என்பார்கள். மாட்டுவது சுலபம், சத்தமும் நன்றாக வரும். ஆனால் ஃபில்டர் நிற்பது இன்ஜினின் அனலுக்குள். சிக்னலில் நின்றால் வெந்த காற்றைத்தான் அது குடிக்கும். பழைய பெட்டி வெளிக்காற்றை எடுத்துக்கொண்டிருந்த காரில் இதை மாட்டுவது ஒரு படி பின்னால் போவது. அனலைத் தடுக்கும் தகடும், பானெட்டோடு ஒட்டும் ரப்பர் விளிம்பும் சேர்ந்து வருகிற கிட் என்றால் பரவாயில்லை.

நீளமானது உண்மையிலேயே குளிர்ந்த காற்றை எடுக்கும். ஆனால் அதன் ஃபில்டர் தரைக்குக் கிட்டே இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் கார் இறங்கி ஃபில்டர் முழுகினால், இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும். லேசான மழைத் தூறலுக்குப் பயப்பட வேண்டாம், ஃபில்டர் நனைவது வேறு, முழுகுவது வேறு. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சாலையில்தான் தினமும் போய்வர வேண்டும் என்றால், நீளமான வகையைத் தொடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேள்வி: சரி, முடிவு செய்துவிட்டேன், வாங்கப் போகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, ஆனால் இன்ஜினில் கை வைத்ததில்லை. என்னால் முடியுமா?

பதில்: முடியும். பானெட்டுக்குக் கீழே தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் வேலை இல்லை. முதல் தடவை என்பதால் அரை நாள் ஒதுக்கிவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன், வாங்கும்போதே கவனிக்க வேண்டியது குழாயின் உள்விட்டம். உங்கள் காரில் எம்.ஏ.எஃப். சென்சார் (உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார்) இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் செருகி, ஒயர் மாட்டியிருக்கும். அதற்குள் தலைமுடி போல ஒரு கம்பி, சூடேறிய நிலையில் இருக்கும். ஓடும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு, காரோடு வந்த குழாயின் விட்டத்துக்கு எழுதியது. 60 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 70 வந்தால் குழாயின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று கம்பியை மெதுவாகக் கடக்கும். காற்று குறைவாக வருகிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். அதனால் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்கிற கிட் வேண்டாம். உங்கள் மாடல், வருடம், இன்ஜின் மூன்றையும் பெயர் சொல்லிச் செய்த கிட் மட்டும் வாங்குங்கள். எம்.ஏ.எஃப். இல்லாமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கிற கார்களில் இந்தத் தொல்லை குறைவு.

இனி வேலை. இன்ஜின் முழுக்க ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். எதையும் தொடுவதற்கு முன், நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் எங்கே இருந்தது என்று எழுதி, ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் சாக்கெட், ஒரு ஸ்க்ரூடிரைவர், இடுக்கி போதும்.

சென்சாரின் ஒயரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளிப்பை அழுத்திவிட்டு கனெக்டரைப் பிடித்து இழுங்கள். பழைய பிளாஸ்டிக் என்றால் கிளிப் சட்டென்று உடையும், அவசரம் வேண்டாம். பழைய குழாய் கழன்று வந்ததும் த்ராட்டில் பாடியின் வாய் திறந்து கிடக்கும். முதலில் சுத்தமான துணியால் அதை மூடுங்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தால் வேலையே வேறு ஆகிவிடும்.

சென்சாரைப் புதுக் குழாய்க்கு மாற்றும்போது இரண்டு விஷயம்: அதன் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும், அதன் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மடங்காமல் உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் கம்பியை விரலால் தொடவே கூடாது.

அப்புறம் குழாய், சிலிக்கோன் இணைப்பு, ஃபில்டர் எல்லாவற்றையும் தளர்வாகவே மாட்டுங்கள். எந்த கிளாம்ப்பையும் முறுக்க வேண்டாம். எல்லாம் இடத்தில் உட்கார்ந்ததும், குழாய் எதிலும் உரசவில்லையே என்று கையை விட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். பானெட்டை மெதுவாக இறக்கி, இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முறுக்குங்கள். சிலிக்கோன் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் கிளாம்ப் அதை அறுத்துவிடும்.

நான் முதல் தடவை மாட்டியபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று வண்டியை எடுத்தேன். இரண்டாம் நாள் ஐடில் (மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி ஏறி இறங்கியது, நிறுத்தத்தில் வண்டி அணைந்தது. இன்ஜினின் ஆவியைக் குழாய்க்குள் கொண்டுவரும் பிரீதர் ஹோஸ், அதை மாட்டும் குழாயின் மூக்கில் பாதிதான் ஏறியிருந்தது. மேலிருந்து பார்த்தால் சரியாக மாட்டினது போலவே தெரிந்தது. அடியில் விரலை விட்டபோதுதான் நகம் நுழையும் அளவு இடைவெளி கையில் தட்டியது. அதனால் சொல்கிறேன், எந்த ஹோஸையும் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நம்பாதீர்கள், அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓரிரு நாள் ஓடி, சூடேறி ஆறிய பிறகு எல்லா கிளாம்ப்பையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்கவும் வேண்டும்.

கேள்வி: மாட்டி ஒரு வாரம் ஆகிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்று வருகிறது. கிட் கொடுத்தவர் "கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளும், ஓட்டுங்கள்" என்கிறார்.

பதில்: ஓட்டாதீர்கள். அந்தக் குறியீட்டுக்கு அர்த்தம், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது. கம்ப்யூட்டர் தன்னால் முடிந்தவரை பெட்ரோலைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் முடியாது என்றுதான் விளக்கைப் போட்டிருக்கிறது. இந்த நிலையில் முழு வேகத்தில் மிதித்தால் இன்ஜின் நாக் ஆகலாம், அதாவது பெட்ரோல் முறைதவறி வெடித்துத் தட்டும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உங்கள் ஸ்கேனரே போதும். அதில் ஃபியூயல் ட்ரிம் என்ற எண் இருக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் அது மிக அதிகமாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கும்போது குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள கிளாம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள். சுற்று ஏற ஏற அதுவும் ஏறினால், அல்லது எப்போதும் ஒரே உயரத்தில் நின்றால், சென்சாரின் அளவு தவறுகிறது. குழாய் விட்டம் பொருந்தவில்லை, அல்லது கம்பியில் எண்ணெய் படிந்திருக்கிறது. படிந்ததை எம்.ஏ.எஃப். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவலாம். பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் அடிக்காதீர்கள். கழுவியும் போகவில்லை, கசிவும் இல்லை என்றால் அது கிட்டின் குற்றம். பழைய பெட்டியை மாட்டிப் பாருங்கள்; விளக்கு அணைந்து திரும்ப வராவிட்டால், ஸ்கேனர் காட்டிய எண்களைப் படமெடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். "பழகிக்கொள்ளும்" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

கேள்வி: எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா, உலர் ஃபில்டரா?

பதில்: உலர்ந்தது. பருத்தி ஃபில்டரைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய் கொஞ்சம் அதிகமானால் மேலே சொன்ன கம்பியில் போய்ப் படியும். புழுதிச் சாலையில் ஓட்டுகிறவர்கள் இதற்கும் மேலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: ஏர் ஃபில்டர்களுக்கான சர்வதேசச் சோதனைத் தரமான ஐ.எஸ்.ஓ. 5011 முறையில் அந்த ஃபில்டரைச் சோதித்திருக்கிறார்களா, தூசியை எத்தனை சதவீதம் பிடிக்கிறது? தடையில்லாமல் காற்றை விடுகிற ஃபில்டர் தூசியையும் விட்டால், சிலிண்டர் சுவர்தான் தேயும்.

கேள்வி: வாரன்டி போய்விடுமா? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: இரண்டும் நாட்டுக்கு நாடு வேறு. வாரன்டி புத்தகத்தில் மாற்றங்கள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். புகைச் சோதனைக்கு இது தடையா என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். சில கிட்களின் பெட்டியில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் ஈ.ஓ. எண் அச்சாகியிருக்கும். புகை அளவு கெடவில்லை என்று காட்டி வாங்கிய அனுமதி அது. வேறு நாட்டில் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனாலும் தயாரித்தவர் சோதனைக்கு உட்பட்டார் என்பதற்கு அது ஒரு அடையாளம். இரண்டு கிட்களுக்கு நடுவே தடுமாறினால் எண் உள்ளதை எடுங்கள்.

கழற்றிய பழைய பெட்டி, குழாய், ரெசனேட்டர், போல்ட் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே கார் மாடலை எழுதி வையுங்கள். வாரன்டி வேலைக்குக் கொடுக்கும்போதும், புகைச் சோதனையில் தடை சொன்னாலும், காரை விற்கும்போதும் அதைத் திரும்ப மாட்ட ஒரு மணி நேரம்தான் ஆகும்.