மெட்டல் டிடெக்டர் வாங்கி மூலையில் வைத்தவர்களுக்கு: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: அண்ணன், கிடைப்பதெல்லாம் சோடா மூடியும் ஆணியும்தான். கருவியை விற்றுவிடவா?

பதில்: யூடியூப் பார்த்துத்தானே வாங்கினீர்கள், தம்பி? சலிப்பு அங்கேதான் தொடங்குகிறது. இங்கிலாந்துக் கரைகளில் கடல் வற்றினால் மீற்றர் கணக்கில் இறங்கும், பெரிய பரப்பு வெளியே தெரியும். நம் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றர்கூட இல்லை. இங்கே மணலைப் புரட்டுவது மாரிக் கடல். கரையை அரித்து, மணல் படி வெட்டியதுபோல் நிற்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், பாரமான சாமான் அடியில் தங்கியிருக்கும். கோடையில் புதுமணல் மேலே குவிந்துவிட்டால் உங்கள் கருவிக்கு எட்டாது. சாதாரணக் கருவி ஒரு காசைச் சுமார் ஒரு சாண் ஆழம் வரைதான் பிடிக்கும்.

அப்புறம், மூடிக்குப் பயந்து, இரும்புக்குக் கருவி சத்தம் போடாதபடி அமைப்பில் அடைத்து வைக்கிறீர்களா? இப்போது புழங்கும் காசுகளில் பல எஃகு, அவையும் சேர்ந்து அடைபடலாம். ஈயத்தாளை அடைத்தால் இன்னும் மோசம். உலோகத்துக்கு ஏற்பக் கருவியின் திரையில் ஒரு எண் வரும்; மெல்லிய தங்க மோதிரத்துக்கும் ஈயத்தாளுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான். குப்பை தோண்ட மனமில்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்குச் சரிவராது.

திருக்கோவிலிலிருந்து: ஈரமணலில் வைத்தாலே கத்துகிறது. பழுதா?

பதில்: இல்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஒற்றை அதிர்வெண் கருவி அதையே உலோகமென்று எண்ணிவிடும். உங்கள் பக்கம் இல்மனைற் என்ற இரும்பு கலந்த கனிமம் உள்ள கறுப்பு மணலும் உண்டு, அதுவும் கருவியைக் குழப்பும். உணர்திறனைக் குறையுங்கள், கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சத்தத்தைக் கருவி கணக்கில் எடுக்காதபடி சரிசெய்வதை, திரும்பச் செய்யுங்கள். அடங்காவிட்டால் காய்ந்த மணலுக்கு ஏறிவிடுங்கள். பல அதிர்வெண் கருவி இதைச் சமாளிக்கும், விலைதான் சமாளிக்க முடியாது.

அக்கரைப்பற்றிலிருந்து: காட்டுப் பக்கம் பழைய இடிபாடு ஒன்று. கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள்.

பதில்: போகவே வேண்டாம். அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். புதையல் கோஷ்டிகளால்தான் கருவியோடு நடக்கிற எல்லோரையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது. ஒருநாள் பொலிஸ் மறித்து விசாரித்ததோடு ஆசையை விட்டவர்களும் உண்டு.

வாகரையிலிருந்து: சொந்தக் காணியில் தேடலாமா?

பதில்: மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதென்று 2017இல் அறிவித்தார்கள். ஆனாலும் வெடிக்காத பழைய குண்டு எங்காவது கிடக்கலாம். உருளையாக, துருப்பிடித்து எது தென்பட்டாலும் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

கல்முனையிலிருந்து ஒரு சகோதரி: மணல் அரிக்க என்ன வாங்கலாம்?

பதில்: காய்ந்த மணலுக்கு பிளாஸ்டிக் அரிகூடை போதும். அள்ளியதைக் கருவிக்கு மேலே ஆட்டிப் பார்க்கலாம், கூடை சத்தம் போடாது. ஈரமணலுக்கு வெல்டிங் கடையில் துளையிட்ட தகட்டில் செய்வியுங்கள். துளை சின்ன மோதிரம் நழுவாத அளவில் இருக்கட்டும்.