வெளிநாட்டு உதவி உள்ளூர்ச் சந்தையை என்ன செய்கிறது?

கேள்வி: ஏழை நாடுகளுக்கு வெளிநாட்டு உதவி போனால் அங்குள்ள பொருளாதாரம் வளருமா, கெடுமா?

என்ன பொருளாக வருகிறது, அதே பொருளை அங்கே ஏற்கெனவே யார் விளைவித்து விற்கிறார்கள் என்று பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அம்பாசமுத்திரம் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. கார் பருவ அறுவடை நேரத்தில் யாரோ புண்ணியவான் லாரி லாரியாக இலவச அரிசி கொண்டுவந்து இறக்கினால், களத்தில் குவித்த நெல்லை வியாபாரி என்ன விலைக்குக் கேட்பார் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கரீபியன் தீவு நாடான ஹைத்தியில் அதைவிட மோசமாக நடந்தது. 1980-கள் வரை அந்த நாடு தன் அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. கடனும் உதவியும் வேண்டுமென்றால் சந்தையைத் திற என்ற நெருக்கடியில், 1995-இல் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி வந்து குவிந்தது. அங்குள்ளவர்கள் அதை ‘மியாமி அரிசி’ என்றார்கள். அங்கே நெல் விளையும் ஆர்த்திபோனீத் பள்ளத்தாக்கின் விவசாயிகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பலர் நிலத்தை விட்டுத் தலைநகருக்குப் பிழைக்கப் போனார்கள். 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தது அந்த நெரிசல் நகரத்தில்தான். இரண்டு மாதம் கழித்து, 1995-இல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழு முன்பு, வரியைக் குறைக்க வைத்த அந்தக் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். விவசாயத்தை விட்டுப் போனவர்களை அந்த ஒப்புதல் திரும்பக் கொண்டுவரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, எல்லா உணவு உதவியும் இப்படியா? அமெரிக்காவோடு செய்த 1956 ஒப்பந்தத்துக்குப் பிறகு, பி.எல். 480 என்ற அந்நாட்டு உணவு உதவிச் சட்டத்தின்படி நமக்கு வந்த கோதுமை 1960-களின் பஞ்சத்தில் உயிர்களைக் காப்பாற்றியது. பெரும்பாலும் நியாய விலைக் கடைகள் வழியாகப் போனதால், வெளிச்சந்தையில் வாங்க முடியாதவர்களுக்கும் அது கிடைத்தது. ஆனால் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களைத் தாமதப்படுத்தி டெல்லியைக் காக்க வைத்ததையும் மறக்கக் கூடாது.

நான் மனதார வரவேற்கும் உதவி வேறு. ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8 என்ற அதிக மகசூல் நெல் ரகத்தைத் தந்தது. எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16 நெல் ரகத்தின் வம்சாவளியிலும் அது உண்டு. (உரச் செலவு கூடியது, பழைய ரகங்கள் பல போயின. அந்த வருத்தம் எனக்கும் உண்டு.) ஆனாலும் மகசூல் கூடியது எங்கள் வயலில், விற்ற காசும் இங்கேயே புழங்கியது.

அடுத்தபடியாக ரொக்கம். கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்குச் சுமார் 1,000 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு டாலர் போனால் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது. விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லலாம். பணம் வாங்காத வீடுகளுக்கும் பலன் கிடைத்தது. இங்கேயும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அரசு கொடுத்த 6,000 ரூபாய், பக்கத்து மளிகைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் போனதைப் பார்த்தேன்.

கடையில் சரக்கே இல்லாத பஞ்சத்தில் ரொக்கத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, தானியம்தான் வேண்டும். அப்போதும் உதவி செய்பவர்கள் முதலில் பக்கத்து மாவட்டத்திலோ பக்கத்து நாட்டிலோ விலை கொடுத்து வாங்கட்டும்.