க்யூட் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்: கேள்வி பதில்

க்யூட் (Qt) என்பது விண்டோ நிரல்கள் எழுத உதவும் சி ப்ளஸ் ப்ளஸ் நூலகம். அதில் முழு நிரலையும் நடத்தும் ஆப்ஜெக்ட்தான் க்யூஅப்ளிகேஷன். விண்டோ, பட்டன், லேபிள் போன்றவை விட்ஜெட்கள்.

கேள்வி: மெயினின் (நிரல் தொடங்கும் ஃபங்ஷன்) முதல் வரியிலேயே க்யூஅப்ளிகேஷனை உருவாக்குகிறேன். ஆனாலும் "விட்ஜெட்டுக்கு முன் க்யூஅப்ளிகேஷனை உருவாக்கு" என்று சொல்லி நிரல் நின்றுவிடுகிறது.

பதில்: மெயினுக்கு வெளியே குளோபலாக ஏதாவது விண்டோ அறிவித்திருக்கிறீர்களா, பாருங்கள். குளோபல் ஆப்ஜெக்ட்கள் மெயின் தொடங்கும் முன்பே உருவாகிவிடும். அப்போது அப்ளிகேஷனே கிடையாது. முடிவிலும் இதே கதைதான். மெயினுக்குள் இருக்கும் அப்ளிகேஷன் முதலில் அழிந்துவிடும், குளோபலாகவோ ஸ்டாட்டிக்காகவோ இருக்கும் விட்ஜெட் அதற்குப் பிறகுதான் அழியும். மூடும்போது மட்டும் க்ராஷ் ஆகும் நிரல் என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். மெயினில் அப்ளிகேஷன், அதற்கு அடுத்த வரியில் விண்டோ என்று எழுதுங்கள். உருவான வரிசைக்குத் தலைகீழாகத்தான் சி ப்ளஸ் ப்ளஸ் அழிக்கும், ஆகவே அப்ளிகேஷன் கடைசியில் போகும்.

கேள்வி: ட்ரே ஐகான் வைத்திருக்கிறேன். விண்டோவை மூடினால் நிரலே முடிந்துவிடுகிறது.

பதில்: கடைசி விண்டோ மூடியதும் நிரலை முடிக்கும் அமைப்பை அணையுங்கள்: செட்க்விட்ஆன்லாஸ்ட்விண்டோக்ளோஸ்ட், ஃபால்ஸ். ட்ரே மெனுவில் 'வெளியேறு' வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பெரிய ஃபைலைப் படிக்கும்போது விண்டோ உறைகிறது. லூப்புக்குள் ப்ராசஸ்ஈவென்ட்ஸ் (காத்திருக்கும் க்ளிக் போன்றவற்றை உடனே கையாளும் அழைப்பு) போடலாமா?

பதில்: போடாதீர்கள். 'திற' பட்டனை அழுத்தியதும் லூப் ஓடுகிறது. பாதியில் ப்ராசஸ்ஈவென்ட்ஸ். பொறுமையில்லாதவர் பட்டனை மறுபடி அழுத்துகிறார். அதே ஃபங்ஷன் தனக்குள்ளேயே இன்னொரு முறை தொடங்கி, லிஸ்ட்டைக் காலி செய்கிறது. அது முடிந்து வெளி லூப் தொடரும்போது, அது பிடித்திருந்த இட்டரேட்டர் (லிஸ்ட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற குறி) செல்லாது.

கேள்வி: க்யூட்டின் ப்ராக்ரஸ் டயலாகே உள்ளே அதைத்தானே அழைக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. மோடலாக இருந்தால், முன்னேற்றத்தின் எண்ணை மாற்றும் செட்வேல்யூ அதை அழைக்கும், உண்மை. மோடல் என்பதால் மற்ற விண்டோக்களில் க்ளிக் விழாது. ஆனால் டைமரும் நெட்வொர்க் பதிலும் தாராளமாக உள்ளே வரும். அவை உங்கள் லிஸ்ட்டைத் தொட்டால் அதே விபத்துதான்.

கேள்வி: பயனர் உள்ளீட்டை மட்டும் தவிர்க்கும் ஃப்ளாக் இருக்கிறதே?

பதில்: அது க்ளிக்கைத் தள்ளிப்போடும், தூக்கி எறியாது. லூப் முடிந்ததும் காத்திருந்த க்ளிக்குகள் வரிசையாக வந்து சேரும். வேலையைத் தனி த்ரெட்டுக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) மாற்றி, முடிவை சிக்னலில் (க்யூட்டின் அறிவிப்பு முறை) அனுப்புங்கள். அந்த த்ரெட் விட்ஜெட்டைத் தொடவே கூடாது.

கேள்வி: எனக்கும் "முன் உருவாக்கு" பிழை வருகிறது...

பதில்: முதல் பதில். குளோபல்.

கேள்வி: பைதானில் இன்டராக்டிவ் ஷெல்லில் இரண்டாம் முறை ஓட்டினால் பிழை.

பதில்: ஒரு ப்ராசஸுக்கு ஒரே அப்ளிகேஷன்தான். முதலில் இன்ஸ்டன்ஸை (ஏற்கெனவே உள்ள அப்ளிகேஷனைத் தரும் ஃபங்ஷன்) கேளுங்கள், நன் (None, ஒன்றும் இல்லை) வந்தால் மட்டும் உருவாக்குங்கள்.

கேள்வி: க்யூட் போன்ற இன்னொரு நூலகமான ஜிடிகேயில் (GTK) இதை எப்படிச் செய்வது?

பதில்: என் துறை இல்லை. ஜிடிகே தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எக்ஸெக்குக்குப் (நிரல் முடியும்வரை நிகழ்வுகளைக் கையாளும் அழைப்பு) பிறகு செட்டிங்ஸைச் சேமிக்கிறேன். சில நேரம் சேமிக்கவே இல்லை.

பதில்: விண்டோஸில் பயனர் லாக்ஆஃப் செய்தால் எக்ஸெக் திரும்பி வராமலே ப்ராசஸ் முடிந்துபோகலாம். அதற்குப் பின்னால் எழுதிய வரியை நம்ப முடியாது. நிரல் முடியப்போகும்போது வரும் அபவுட்டுக்விட் சிக்னலுடன் சேமிப்பை இணைத்துவிடுங்கள்.

கேள்வி: மெயினில் க்யூஅப்ளிகேஷன் இருந்தும் ஸ்டாட்டிக் லேபிளில்...

பதில்: ஸ்டாட்டிக்கை எடுத்துவிடுங்கள்.