கம்பி விலை ஏறினால் கம்பெனிப் பங்கும் ஏறுமா?

கேள்வி: கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காப்பர் கம்பி விலை ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். மின்சார கார், சோலார் என்று எல்லாவற்றுக்கும் காப்பர்தான் என்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் 3 லட்சம் கையில் இருக்கிறது. ஹிந்துஸ்தான் காப்பர் பங்கில் மொத்தமாகப் போட்டுவிடலாமா?

பதில்: மொத்தமாக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கம்பி விலை விஷயத்தில் உங்கள் கணிப்பைக் குறை சொல்லமாட்டேன். செம்பைத் தொட்டு வேலை பார்ப்பவருக்கு அதன் போக்கு தரகரைவிட நன்றாகவே தெரியும். ஆனால் செம்பு வேறு, செம்பு வெட்டும் கம்பெனி வேறு.

நம் ஊரில் காப்பர் கம்பெனி என்றதும் பலருக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வரும். 2018-ல் மூடப்பட்ட அந்த ஆலை உருக்காலை. தாதுச் செறிவை, அதாவது அரைத்துக் கல்லையும் மண்ணையும் பெருமளவு நீக்கிய தாதுத் தூளை, வெளியிலிருந்து வாங்கி உருக்கித் தருவது அதன் தொழில். கூலிதான் அதற்கு முக்கிய வருமானம். சுரங்கக் கம்பெனி அப்படியில்லை. மண்ணுக்குள்ளிருந்து தாதுவை எடுத்து, அரைத்து, செறிவாக்கி விற்கிறது. உலகச் சந்தையில் செறிவை உருக்கித் தரும் கூலி 2024-ல் டன்னுக்கு 80 டாலர் என்று பேசி முடித்தார்கள். 2025-ல் அது 21.25 டாலருக்கு விழுந்தது. உருக்காலைக்கு அது அடி, செறிவு விற்பவருக்கு லாபம். ஒரே உலோகம்தான், ஆனால் ஒருவர் சிரிக்கும்போது இன்னொருவர் அழுவார். இந்தியாவில் செம்புத் தாதுவை வெட்டி எடுக்கும் ஒரே கம்பெனி ஹிந்துஸ்தான் காப்பர். 1967-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். மத்தியப் பிரதேசத்தில் மலாஞ்ச்கண்ட், ராஜஸ்தானில் கேத்ரி, ஜார்க்கண்டில் காட்சிலா வட்டாரம் என மூன்று இடங்களில் சுரங்கம். இப்போது பெரும்பாலும் செறிவாகவே விற்கிறது. விலை லண்டன் உலோகச் சந்தையையும் டாலர் மதிப்பையும் ஒட்டிப் போகும்.

சரி, விலை ஏறினால் லாபம் ஏறுமா? ஏறும், விலையைவிட வேகமாக. இறங்குவதும் அதே வேகத்தில்தான். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு டன் செம்பு எடுக்க 5 லட்சம் செலவு, விற்கும் விலை 8 லட்சம் என்று வையுங்கள். லாபம் 3 லட்சம். விலை 10% ஏறினால் லாபம் 3.8 லட்சம், அதாவது 27% கூடுதல். விலை 25% இறங்கினால் மிஞ்சுவது 1 லட்சம்தான். லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சுரங்கச் செலவு விலையோடு சேர்ந்து இறங்காது. சம்பளம், டீசல், மின்சாரம் எல்லாம் அப்படியே நிற்கும்.

இது கற்பனையோடு நின்றுவிடவில்லை. 2024 மே மாதம் லண்டனில் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. அப்போது இந்தப் பங்கு 400 ரூபாய்க்கு மேல். 2025 ஏப்ரலில் செம்பு 8,500-க்குக் கீழே சரிந்தது, ஏறக்குறைய கால் பங்கு வீழ்ச்சி. பங்கோ 200-க்கும் கீழே போனது, பாதிக்கு மேல் போச்சு. அதே ஏப்ரலில் உங்கள் கடை அலமாரியில் இருந்த கம்பிச் சுருள்கள் இவ்வளவு மதிப்பை இழந்திருக்காது.

அடுத்தது, நான் எப்போதும் முதலில் பார்க்கும் எண்: எத்தனை டன் தாது வெட்டினார்கள்? இந்தக் கம்பெனி ஆண்டு உற்பத்தியை 120 லட்சம் டன் தாது அளவுக்கு உயர்த்தப்போகிறோம் என்று பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறது. இலக்கு ஆண்டு மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. நிஜத்தில் கடந்த பல ஆண்டுகளாக உற்பத்தி சுமார் 33 லட்சத்துக்கும் 41 லட்சத்துக்கும் நடுவிலேயே ஆடுகிறது. தாதுவில் செம்பு ஏறக்குறைய 1% தான். ஒரு டன் பாறையை உடைத்தால் கைக்கு வருவது பத்து கிலோவுக்கும் குறைவு. மலாஞ்ச்கண்ட் திறந்தவெளிச் சுரங்கமாக இருந்தது. இப்போது பூமிக்கு அடியில் தோண்டும் சுரங்கமாக மாறியிருக்கிறது. அடியில் போகப் போகச் செலவும் கூடும், காலமும் பிடிக்கும். இன்றைய பங்கு விலையில் அந்த 120 லட்சம் டன் கனவுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பது என் கருத்து.

ஆண்டறிக்கையைத் திறந்தால் ‘வளம்’, ‘இருப்பு’ என்று இரண்டு கணக்கு இருக்கும். வளம் என்பது பூமிக்குள் இருப்பதாக மதிப்பிட்டது. இருப்பு என்பது அதில் இன்றைய விலையில் வெட்டி எடுத்தால் கட்டுப்படியாகும் பகுதி. பெரிய எண்ணைக் காட்டி யாராவது ஆசை காட்டினால், அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

அப்புறம் குத்தகை. ஜார்க்கண்டின் சூர்தா சுரங்கத்தின் குத்தகை 2020 மார்ச்சில் முடிந்ததும் வேலை நின்றது; திரும்பத் தொடங்க வருடங்கள் ஆனது. வெளிநாட்டிலும் இதே கதைதான். பனாமாவில் கோப்ரே பனாமா என்ற மாபெரும் சுரங்கத்தின் ஒப்பந்தம் செல்லாது என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நடத்திய ஃபர்ஸ்ட் குவாண்டம் பங்கு சில வாரங்களில் பாதிக்கு மேல் கரைந்தது. செம்பு விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பி.இ. விகிதம், அதாவது பங்கு விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண், குறைவாக இருந்தால் மலிவு என்று சொல்வார்கள். சுரங்கப் பங்கில் அதை நம்பிப் பலர் மாட்டியிருக்கிறார்கள். விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் வீங்கியிருக்கும், அதனால் பி.இ. குறைவாகத் தெரியும். 2019-20-ல் இந்தக் கம்பெனி 500 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. பி.இ. போடவே முடியாது. 2020 மார்ச்சில் பங்கு 20 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைத்தது. வாங்க ஆளில்லை. ஒரு வருடத்தின் லாபத்தை விட்டுவிட்டு, ஏழெட்டு வருடச் சராசரியை எடுத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் இந்தப் பங்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் விலை கூடியதாகவே தெரிகிறது.

அரசுக் கம்பெனி என்பதால் இன்னொன்றும் உண்டு. 2012 நவம்பரில் சந்தையில் 266 ரூபாய்க்கு விற்ற பங்கை அரசு 155 ரூபாய் அடிப்படை விலையில் விற்பனைக்கு வைத்தது. அதுவரை அரசிடமே 99 சதவீதத்துக்கு மேல் இருந்ததால், மிச்சமிருந்த சொற்பப் பங்குகள்தான் சந்தை விலையைத் தீர்மானித்திருந்தன. 2021-ல் கம்பெனி புதிய பங்குகளை நிறுவனங்களுக்கு விற்று 500 கோடி திரட்டியது; அதே ஆண்டு அரசும் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றது. இரண்டும் சேர்ந்து அரசின் பங்கு சுமார் 66% ஆனது. அரசுக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம் இப்படிப் பங்கு வரலாம் என்பதை மனதில் வையுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடை ஸ்டாக்கில் ஏற்கெனவே செம்பு இருக்கிறது; உங்கள் பிழைப்பும் அதன் விலையோடு கட்டுண்டிருக்கிறது. கம்பி விலை ஏறினால் அதே அளவு சரக்கு வைக்க அதிக முதல் வேண்டும். அப்போது கை கொடுக்கப்போவது இந்தச் சீட்டுப் பணம்தான். அதனால் 2 லட்சத்தை வங்கியில் வையுங்கள். ஆசை விடவில்லை என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரத்துக்கு மேல் இந்தப் பங்கில் வேண்டாம், அதையும் ஒரே நாளில் போடாதீர்கள். மிச்சத்தை, பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் பரவலான ஒரு குறியீட்டு (இண்டெக்ஸ்) ஃபண்டில் மாதாமாதம் போட்டால் போதும். அடுத்த காலாண்டு முடிவு வரும்போது லாபத்தைப் பார்க்கும் முன் தாது உற்பத்தி வரியைப் பாருங்கள். காலாண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவிலேயே நின்றால் எதையும் மாற்றவேண்டாம். விடாமல் நாலு காலாண்டு பதினைந்து லட்சத்தைத் தாண்டினால் மறுபடி எழுதுங்கள். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.